காலித் திட்டுக்கும் கணக்கு உண்டு: வாசகர் கேள்வி–பதில்

உயிரினங்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் மாதிரிகள் பற்றி வந்த கடிதங்களில், இடத்தையும் இடம்பெயர்வையும் தொட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ‘திட்டு’ என்று இங்கே சொல்வது, ஓர் உயிரினம் வாழ ஏற்ற, மற்றவற்றிலிருந்து பிரிந்து கிடக்கும் இடத்தை.

கே: ஆய்வேட்டில் ‘வலசை வீதம் 0.1’ என்று எழுதினேன். ‘வலசை’ என்ற சொல் இங்கே பொருந்தாது என்று வழிகாட்டி திருத்திவிட்டார். ஏன்? (முதுகலை மாணவி, திருச்சி)

அவர் திருத்தியது சரி. வலசை என்றால் போவதும் வருவதும் சேர்ந்தது. கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து குளிர்காலம் முடிந்ததும் திரும்பிவிடும், இங்கே முட்டையிடாது. உங்கள் மாதிரியில் இருப்பது வேறு. பிறந்த திட்டை விட்டுப் போய் இன்னொரு திட்டில் தங்கி அங்கேயே இனம்பெருக்குவது அது. ஆங்கிலக் கட்டுரைகளில் ‘மைக்ரேஷன்’, ‘டிஸ்பெர்சல்’ இரண்டையும் கலந்து எழுதுவதால் வரும் குழப்பம் இது. ‘இடம்பெயர்வு வீதம் 0.1’ என்று போடுங்கள். ‘ஒவ்வொரு தலைமுறையிலும் பத்தில் ஒரு பங்கு தன் திட்டை விட்டு வெளியேறும்’ என்று ஒரு வரியில் விளக்கமும் கொடுத்துவிடுங்கள். வெளியேறியவை எல்லாம் போய்ச் சேருகின்றனவா, வழியில் ஒரு பங்கு சாகிறதா என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். பாதிப் பேர் அதைச் சொல்ல மறக்கிறார்கள்.

கே: இரையும் இரைகொல்லியும் வரும் மாதிரியை எப்படி ஓட்டினாலும், முதலில் இரை அழிகிறது, பிறகு இரைகொல்லி பட்டினியில் சாகிறது. வயலில் இரண்டும் காலங்காலமாக இருக்கின்றனவே. எங்கே தவறு? (வேளாண் கல்லூரி மாணவர், மதுரை)

சமன்பாட்டில் தவறு இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரே குடுவைக்குள் எல்லாரையும் போட்டுக் குலுக்குகிறீர்கள், அவ்வளவுதான். 1934-இல் ரஷ்ய உயிரியலாளர் கௌஸ் நிஜக் குடுவையில் இதையே செய்தார். டிடினியம் என்ற ஒற்றைச்செல் இரைகொல்லி, தன் இரையான பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர்களை ஒன்று விடாமல் தின்றது, பிறகு தானும் செத்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டிலும் ஒவ்வொன்றை வெளியிலிருந்து விட்டபோதுதான் எண்ணிக்கை ஏறி இறங்கும் அலை கிடைத்தது. ஆட்டத்தைக் காப்பாற்றியது அந்தச் சொற்ப வரவு.

வெளியிலிருந்து கை நீட்டாமல் இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தவர் கலிபோர்னியாவின் ஹஃபேக்கர். 1958-இல் வெளிவந்த அவருடைய சோதனையில் திட்டுகள் ஆரஞ்சுப் பழங்கள். பழத்தைத் தின்னும் சிலந்திப்பேன் இரை, அதைத் தின்னும் வேறொரு பேன் இரைகொல்லி. சில பழங்களை அருகருகே வைத்தால் கௌஸின் குடுவைக் கதையே திரும்பியது. பழங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. பிறகு 120 பழங்களைப் பரப்பி, நடுநடுவே ‘வாஸ்லின்’ களிம்பு பூசித் தடுத்தார். தரையில் நடந்தே போகும் இரைகொல்லிக்கு அது பெரிய தடை. இரைக்கு மட்டும் சிறு மரக்குச்சிகளை நட்டுக் கொடுத்தார். அது குச்சி உச்சியில் ஏறி, நூல் விட்டு, காற்றில் மிதந்து அடுத்த பழத்துக்குப் போய்விடும். இந்த அமைப்பில் மூன்று முழு அலைகள் வந்தன. அதன் பிறகு அதுவும் அழிந்தது.

கவனிக்க வேண்டியது வேக வித்தியாசத்தை. ஒரு பழத்தில் இரை அழிவது தவிர்க்க முடியாதது. ஆனால் இரைகொல்லி வந்து சேர்வதற்குள் இரை வேறு பழத்தில் குடியேறிவிட்டால் ஒட்டுமொத்தத்தில் இரண்டும் தப்பும். இரைகொல்லியும் அதே வேகத்தில் துரத்தினால் 120 பழமும் ஒரே பழம்தான்.

கணினியில் செய்ய, 30-க்கு 30 கட்டம் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்களுடைய அதே சமன்பாடு, தலைமுறை முடிவில் ஒரு பங்கு சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்குப் போகட்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் உயிர்களை விடுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டால் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடி ஒன்றாகச் சாகும். பூச்சியையும் அதன் ஒட்டுண்ணிக் குளவியையும் வைத்து ஹாசல், காமின்ஸ், மே என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1991-இல் இப்படி ஓட்டியபோது திரையில் சுருள் சுருளாக அலைகள் எழுந்தன. தனிக்கட்டத்தில் நிலைக்கவே நிலைக்காத சமன்பாடு அது. ஆனால் கட்டங்கள் போதாமல் போனால் சுருளுக்கு இடமின்றி அங்கேயும் அழிவுதான். உங்கள் கட்டம் 5-க்கு 5 என்றால் முதலில் அதைப் பெரிதாக்குங்கள்.

கே: நிரல் எழுதத் தெரியாது. எக்செல் மட்டும் வைத்து, இரண்டு திட்டுகளுக்கிடையே இடம்பெயர்வு என்ன செய்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட முடியுமா? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

தாராளமாக. ஒரு பாடவேளை போதும்.

ஒரு வரிசை ஒரு தலைமுறை. முதல் பத்தியில் தலைமுறை எண், இரண்டாவதில் ‘அ’ திட்டின் எண்ணிக்கை, மூன்றாவதில் ‘ஆ’ திட்டின் எண்ணிக்கை. நான்காவதும் ஐந்தாவதும் இனப்பெருக்கத்துக்குப் பிந்திய எண்ணிக்கை. அதற்கு ரிக்கர் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள்: எண்ணிக்கையை 100-ஆல் வகுத்து 1-இலிருந்து கழியுங்கள், வந்ததை 2.2-ஆல் பெருக்குங்கள், அதற்கு எக்செலின் அடுக்குச் சார்பைப் போடுங்கள் (2.718-இன் அடுக்காக அது மதிப்பைத் தரும்), அதைப் பழைய எண்ணிக்கையால் பெருக்குங்கள். 100 என்பது திட்டின் தாங்குதிறன், அதாவது திட்டு தாங்கக்கூடிய எண்ணிக்கை; 2.2 வளர்ச்சி வீதம். அடுத்த வரிசையின் ‘அ’ = 0.95 × நான்காம் பத்தி + 0.05 × ஐந்தாம் பத்தி. ‘ஆ’வுக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். இந்த 0.05 தான் இடம்பெயர்வு வீதம். அதைத் தனி அறையில் வைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தால் மாற்றிப் பார்ப்பது எளிது. 100 வரிசை இழுத்துவிடுங்கள். ஆறாவது பத்தியில் இரண்டின் கூட்டுத்தொகை.

தொடக்கம் ‘அ’ 50, ‘ஆ’ 150. முதலில் வீதத்தைச் சுழியமாக வையுங்கள். ஒவ்வொரு திட்டும் ஏறத்தாழ 50, 150, 50, 150 என்று ஊஞ்சலாடும், ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே. இப்போது 0.05 போடுங்கள். முதல் தலைமுறையில் 145-உம் 55-உம் வரும். போகப்போக ஊஞ்சல் சற்றுச் சுருங்கி, 66-க்கும் 136-க்கும் இடையில் நிலைக்கும். கூட்டுத்தொகைப் பத்தியைப் பாருங்கள், 202 பக்கத்தில் அசையாமல் நிற்கும். தனித்தனியே கொந்தளிக்கும் இரண்டு திட்டுகள், மேலிருந்து பார்த்தால் அமைதியான ஒரே கூட்டம்.

வீதத்தை 0.10 ஆக்குங்கள். நூறாவது தலைமுறைக்குள் இரண்டு திட்டும் ஒன்றாகவே 50, ஒன்றாகவே 150. கூட்டுத்தொகை 100-க்கும் 300-க்கும் இடையே தாவும். இடம்பெயர்வு கூடியது, ஒட்டுமொத்த ஆட்டமும் கூடியது! மாணவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர் இது. 0.5 போட்டால் ஒரே தலைமுறையில் இரண்டும் சமமாகிவிடும். அங்கே இரண்டு திட்டு என்ற பேச்சே பொய்.

எல்லை எங்கே என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். சமநிலைப் புள்ளியில் (எண்ணிக்கை 100) இந்தச் சமன்பாட்டின் சரிவு, அதாவது சிறு விலகல் ஒரு தலைமுறையில் எத்தனை மடங்காகிறது என்பது, 1 − 2.2 = −1.2. இடம்பெயர்வு, திட்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை (1 − 2 × வீதம்) என்ற மடங்கில் சுருக்குகிறது. இரண்டையும் பெருக்கினால் அளவில் 1-க்கு மேல் இருக்கும்வரைதான், ஒன்று ஏற மற்றது இறங்கும் எதிர்த்தாளம் உயிரோடு இருக்க முடியும். கணக்குப் போட்டால் எல்லை பன்னிரண்டில் ஒன்று, அதாவது 0.083. அதற்குச் சற்றுக் கீழேயே குலைவு தொடங்கிவிடும்.

இனி, கோளாறு வரும் இடங்கள். ‘ஆ’வைக் கணக்கிடும்போது ஏற்கெனவே புதுப்பித்த ‘அ’வை எடுத்துவிடுவது மிகப் பரவலான பிழை. அப்படிச் செய்தால் வழியில் உயிர்கள் முளைக்கும் அல்லது காணாமல் போகும். இடம்பெயர்வுக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு பத்தி ஒதுக்குங்கள். அடுத்தது தொடக்க எண். 50, 150-க்குப் பதில் 50, 60 என்று தொடங்கினால் 0.05-இலும் இரண்டும் ஒரே தாளத்தில்தான் ஆடும். ஆகவே ஒரே தொடக்கத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்றாவது, பின்ன உயிர்கள். 0.003 முயல் வந்து அடுத்த திட்டைக் காப்பாற்றுவதை எக்செல் கேள்வி கேட்காமல் ஏற்கும். நரிகளிடையே வெறிநோய் பரவும் ஒரு பழைய மாதிரியில், இரண்டாம் அலையைக் கிளப்பியது சதுர கிலோமீட்டருக்கு ஒரு நரியின் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான ‘நரி’ என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1-க்குக் கீழே போனால் சுழியம் என்று ஒரு நிபந்தனை போட்டுவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வானிலையையும் சேர்க்கலாம். வளர்ச்சியோடு ஒரு தற்செயல் எண்ணைப் பெருக்குங்கள், முதலில் இரண்டு திட்டுக்கும் தனித்தனி எண், பிறகு இரண்டுக்கும் ஒரே எண். ஒரே மழை, ஒரே வறட்சி இரண்டு இடத்திலும் அடித்தால், இடம்பெயர்வே இல்லாமலும் எண்ணிக்கைகள் ஒத்தாடத் தொடங்கும். மோரான் என்பவர் 1953-இல் சொன்னது இது. களத்தில் இரு கூட்டங்கள் ஒத்தாடுவதைப் பார்த்தவுடன் ‘போக்குவரத்து இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

கே: ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்ற புல்திட்டுகள் நூறு இருந்தால், அறுபதில் பூச்சியே இல்லை. காலியாகக் கிடப்பவற்றில் நாற்பதை வேறு வேலைக்கு எடுத்தால் பூச்சிக்கு என்ன நட்டம் என்கிறார்கள். மாதிரி என்ன சொல்கிறது? (இயற்கை ஆர்வலர், கோவை)

பூச்சி முழுதாக அழியும் என்று சொல்கிறது.

1969-இல் ரிச்சர்ட் லெவின்ஸ் எழுதிய மாதிரி இது. பயிர்ப்பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக யோசித்ததைத்தான் இன்று உயிரினப் பாதுகாப்புக்காரர்கள் தூக்கிப் பிடிக்கிறார்கள். திட்டுக்குள் எத்தனை பூச்சி என்று அது கேட்பதே இல்லை. திட்டில் குடி இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். குடியுள்ள திட்டு ஒன்றில் ஓராண்டில் குடி அற்றுப்போகும் வீதம் ஒன்று, குடியுள்ள திட்டுகள் காலித் திட்டுகளில் புதுக்குடி வைக்கும் வீதம் இன்னொன்று. நிலைபெறும்போது, குடியுள்ள பங்கு = 1 − (அழிவு வீதம் ÷ குடியேற்ற வீதம்).

உங்கள் எண்களையே வைப்போம். நூறில் நாற்பதில் குடி. அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் அந்த நாற்பதில் 12 காலி என்றால் அழிவு வீதம் 12 ÷ 40 = 0.3. அறுபது காலித் திட்டுகளில் 12-இல் புதுக்குடி என்றால் 12 ÷ 60 = 0.2, அதைக் குடியுள்ள பங்கான 0.4-ஆல் வகுத்தால் குடியேற்ற வீதம் 0.5. சூத்திரத்தில் 1 − 0.3 ÷ 0.5 = 0.4. பொருந்துகிறது. மொத்தம் நாற்பதில்தான் பூச்சி என்றாலும் அது அதே நாற்பது அல்ல. ஆண்டுதோறும் 12 வீடு மாறுகிறது. இன்று காலியானது நாளைய வீடு.

இப்போது காலித் திட்டுகளில் நாற்பதை எடுத்துவிடுங்கள். சூத்திரத்தில் 1-க்குப் பதில் 0.6. 0.6 − 0.3 ÷ 0.5, அதாவது 0.6 − 0.6 = சுழியம். குடியுள்ள ஒன்றைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் குடியேறிப் பார்க்கப் போகிறவை இறங்க இடமின்றி வீணாகின்றன, அற்றுப்போகும் குடிகளுக்கு ஈடு கிடைப்பதில்லை. இருபதை மட்டும் எடுத்தால் 0.2 மிஞ்சும்.

சரிவு உடனே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி. இதே எண்களில், நாற்பதை எடுத்த பத்தாம் ஆண்டிலும் 13 திட்டுகளில் பூச்சி பறக்கும், ஐம்பதாம் ஆண்டிலும் மூன்று நான்கு திட்டுகளில் இருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று அறிக்கை எழுத அது போதும். அழிவு முடிவாகிவிட்டது, தேதிதான் வரவில்லை. இதை அழிவுக் கடன் என்கிறார்கள்.

கணக்கெடுப்பில் ஓர் எச்சரிக்கை. இருந்தும் கண்ணில் படாத குடியை ‘காலி’ என்று எழுதினால், இந்த ஆண்டு ஒரு போலி அழிவும் அடுத்த ஆண்டு ஒரு போலிக் குடியேற்றமும் பதிவாகும், இரண்டு வீதமும் பொய்யாக உயரும். ஒரு பருவத்தில் ஒவ்வொரு திட்டையும் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளில் இல்க்கா ஹான்ஸ்கியின் குழு இதற்கு நல்ல வழி கண்டது. 1993 முதல் அங்கே சுமார் 4,000 புல்திட்டுகளில் கிளான்வில் ஃபிரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சியைக் கணக்கெடுத்து வருகிறார்கள், அவற்றில் எந்த ஆண்டிலும் பெரும்பான்மை காலி. பறக்கும் பூச்சியை அவர்கள் துரத்துவதில்லை. இலையுதிர் காலத்தில் புழுக்கள் கூட்டாகப் பின்னும் வெண்ணிறக் கூடுகளைத் தேடுகிறார்கள். கூடு ஓடாது.

லெவின்ஸ் மாதிரியில் எல்லாத் திட்டும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று ஒரே தூரம். ஹான்ஸ்கி இதைத் தளர்த்தினார். ஒரு திட்டுக்கு எவ்வளவு வரவு கிடைக்கும் என்று அறிய, குடியுள்ள மற்ற ஒவ்வொரு திட்டின் பரப்பையும் தூரத்துக்கேற்பக் குறைத்துக் கூட்ட வேண்டும். பூச்சி சராசரியாக 1 கி.மீ. போகும் என்றால், 1 கி.மீ. தள்ளியுள்ள திட்டின் பரப்பை 0.37-ஆல் பெருக்குங்கள், 2 கி.மீ. என்றால் 0.14, 3 கி.மீ. என்றால் 0.05. ஆக எந்த நாற்பதை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நடுவில் படிக்கல் போலக் கிடக்கும் ஒரு சிறு திட்டு போனால் இரண்டு பெரிய கொத்துகள் பிரிந்துவிடும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் வரையாட்டுக்கு இதைப் பொருத்துகிறவர்கள் நேர்க்கோட்டுத் தூரத்தை எடுக்கக் கூடாது. உச்சிப் புல்வெளிக்கும் உச்சிப் புல்வெளிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருந்தால் வரைபடத்தில் எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு அர்த்தமே இல்லை.

கே: அயல் உயிரினம் ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் பரவும் என்று முன்கூட்டிக் கணிக்கச் சூத்திரம் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

உண்டு: வளர்ச்சி வீதத்தைப் பரவல் கெழுவால் (விலங்குகள் எவ்வளவு சிதறிப் போகின்றன என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டியுங்கள். பரவல் கெழு வேண்டுமென்றால், குறியிட்ட விலங்குகள் ஓராண்டில் கடந்த நேர்த்தூரத்தை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து 4-ஆல் வகுக்கலாம். சராசரி 40 சதுர கி.மீ. என்றால் கெழு 10. வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு 1 என்றால் வேகம் 6.3 கி.மீ. கெழு இரட்டித்தாலும் வேகம் 1.4 மடங்குதான் ஆகும், வர்க்கமூலத்தின் வேலை அது.

1905-இல் பிராக் அருகே ஐந்து மஸ்க்ராட்களை விட்டார்கள். எலி இனத்து நீர்விலங்கு, மென்மயிருக்காகக் கொண்டுவந்தது. அவை ஐரோப்பாவில் பரவிய பரப்பின் வர்க்கமூலத்தை ஆண்டுக்கெதிராகக் குறித்தால் நேர்க்கோடு விழுவதை ஸ்கெல்லம் என்ற ஆய்வாளர் 1951-இல் காட்டினார். வேகம் மாறாது என்பதற்கு அதுவே சான்று.

எங்கே பொய்க்கும் என்றால், ஆய்வுத் திடலின் வேலியைத் தாண்டிப் போன விலங்கு மீண்டும் அகப்படாது. நீண்ட பயணங்கள் கணக்கிலேயே வராமல் கெழு குறைவாக வரும். அந்த அரிதான நீண்ட பயணங்கள்தான் முன்னணியை இழுத்துப் போகின்றன. இன்னொன்று, முன்னணியில் இருப்பவை வேகமானவையாகவே தேர்வாகிவிடுவது. 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்புவண்டை ஒழிக்க விட்ட கரும்புத் தேரை தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் நகர்ந்தது, பிற்காலத்தில் ஐம்பதுக்கும் மேல். முன்னணித் தேரைகளுக்குக் கால் நீளம். வண்டு ஒழியவில்லை என்பது வேறு விஷயம்.

கே: எங்கள் கணக்கெடுப்பில் ஒரு சதுப்பு நிலத்தில்தான் தவளைகள் அதிகம். அதையே பாதுகாத்தால் போதுமா? (கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி)

எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஊற்று எது, வடிகால் எது என்று பாருங்கள். பிறப்பு மிஞ்சி வெளியே அனுப்பும் இடம் ஊற்று; இறப்பு மிஞ்சி, வெளியிலிருந்து வரும் வரவால் மட்டும் நிற்கும் இடம் வடிகால். ஒரு நிலத்தில் ஆண்டுதோறும் 100 தவளை 80 ஆகக் குறைகிறது, ஆனால் பக்கத்துக் குளத்திலிருந்து 20 வந்து சேர்கிறது என்றால், அங்கே எப்போதும் 100 இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது செழிப்பு. குளத்தைத் தூர்த்தால் அடுத்தடுத்து 80, 64, 51.

கண்டுபிடிக்க ஒரே வழி, பிறப்பையும் உயிர்பிழைப்பையும் வரவிலிருந்து பிரித்து அளப்பது. முதிர்ந்த தவளைகளை மட்டும் எண்ணினால் போதாது. முட்டைத் திரள், தலைப்பிரட்டை, அந்த ஆண்டு கரையேறிய குட்டித் தவளை ஆகிய மூன்றையும் எண்ணுங்கள். முதிர்ந்தவை நிறைய, குட்டிகள் அபூர்வம் என்றால் அது பெரும்பாலும் வடிகால். வறண்ட ஒரே ஓர் ஆண்டை வைத்து அப்படி முத்திரை குத்திவிடாதீர்கள். குளம் சீக்கிரம் வற்றினால் நல்ல ஊற்றும் அந்த ஆண்டு வடிகால் போலத்தான் தெரியும்.

கே: தற்செயல் எண் சேர்த்த மாதிரியை எத்தனை முறை ஓட்டினால் போதும்? (ஆய்வு மாணவர், சென்னை)

100 முறை ஓட்டி 10 முறை அழிந்தால், உண்மையான அழிவு வாய்ப்பு 4-லிருந்து 16 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். 1,000 முறை ஓட்டினால் அதே 10 விழுக்காடு 8-க்கும் 12-க்கும் இடையில் வந்துவிடும். 1,000 ஓட்டுங்கள்.